ஒரு விளக்கின் வம்சாவளி: கோட்டிங்கனிலிருந்து தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப் வரை

பழைய கார் வைத்திருப்பவருக்கு அந்த மஞ்சள் விளக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் நின்றுவிட்டால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையானாலும் மன்னார்குடிக் கடைத்தெருவானாலும் பேச்சு ஒன்றுதான்: "செக் லைட் எரியுதுண்ணே, ஒரு ஸ்கேன் போட்டுப் பாத்துடுங்க." இன்ஜினுக்கு என்ன வந்ததோ என்று நாம் பதறுவோம். அந்த விளக்கை உண்டாக்கியவர்களின் கவலையோ நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றியது. அது நம் டேஷ்போர்டுக்கு வந்து சேர்ந்த வழியில் ஒரு ஜெர்மன் பேராசிரியர், ஓர் அன்னாசி ஆராய்ச்சி, ஒரு சட்டப்பிரிவு, கனடாவில் களவுபோன ஒரு நிரல், நம்மூர் வயல் எலி என்று பலரும் பலதும் வருகிறார்கள்.

1897ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் தொடங்குவோம். வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் அங்கே புதுமாதிரி மின்விளக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். எடிசன் விளக்கில் இருந்தது கரி இழை. காற்றுப் பட்டால் பொசுங்கிவிடும் என்பதால் அதைக் கண்ணாடிக் குமிழுக்குள் வெற்றிடத்தில் அடைக்க வேண்டியிருந்தது. நெர்ன்ஸ்ட் கரியைக் கைவிட்டார். சிர்கோனியாவுடன் கொஞ்சம் இட்ரியா கலந்து ஒரு பீங்கான் குச்சி செய்தார். அது திறந்த காற்றிலேயே வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. ஒரே ஒரு தொல்லை: ஆறிக் கிடக்கும்போது குச்சியில் மின்சாரம் பாயாது. முதலில் அதைச் சூடேற்ற வேண்டும். தொடக்கத்தில் தீக்குச்சியைக் காட்டினார்கள். பிறகு பக்கத்திலேயே ஒரு சுருள் கம்பியை வைத்தார்கள். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் எலி கடிக்கப்போவது இந்தச் சூட்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரைத்தான்.

ஏ.இ.ஜி. நிறுவனம் காப்புரிமையை வாங்கியது. 1900ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நெர்ன்ஸ்ட் விளக்குகள் ஜொலித்தன. பேராசிரியருக்கு மோட்டார் மோகமும் உண்டு. கோட்டிங்கனில் முதன்முதலாகக் கார் வாங்கிய சிலரில் அவரும் ஒருவர். தன் பீங்கானும் தன் காரும் பிற்காலத்தில் ஒன்றுசேரும் என்று அவர் எண்ணியிருக்க வழியில்லை. டங்ஸ்டன் இழை வந்ததும் அவருடைய விளக்கு கடைகளை விட்டு மறைந்தது. சிர்கோனியாக் குச்சி ஆய்வுக்கூடங்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

அந்தக் காலத்து மோட்டார் வண்டி தன் உடம்பைப் பற்றி ஓட்டுநரிடம் எதுவும் சொல்லாது. 1912ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டபோது, ஓட்டுநருக்குக் காதும் மூக்கும்தான் கருவிகள். ரேடியேட்டர் கொதித்தால் ஆவி வரும். ஆயில் தீய்ந்தால் வாடை வரும். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் பாய்ஸ் என்ற பெயரில் ஒரு வெப்பமானி வந்தது. ரேடியேட்டர் மூடியின் தலையிலேயே திருகி வைக்கலாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே சூட்டைப் படிக்கலாம். அது சக்கைப்போடு போட்டது, பார்த்துச் செய்தவர்களும் பெருகினார்கள். 1930களில் ஹட்சன் கம்பெனி இன்னொரு படி போனது. முள்ளாடும் மீட்டர்களை யார் உற்றுப் பார்க்கிறார்கள் என்று எண்ணி, ஆயில் அழுத்தத்துக்கும் டைனமோவுக்கும் சிவப்பு விளக்குகளை வைத்தது. எரிந்தால் வண்டியை நிறுத்து, அவ்வளவுதான் சேதி. நம் மஞ்சள் விளக்குக்கு இவை மூத்த உறவுகள். ஆனால் இவை காத்தது இன்ஜினை மட்டும்.

காற்றின் கதை 1943ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே பலர் நினைத்தார்கள். அதே 1943ல் ஜெர்மனியில் கார்ல் வாக்னர் என்ற வேதியியலாளர், நெர்ன்ஸ்டின் பழைய குச்சியில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். சிர்கோனியாவுக்குள் ஆக்சிஜன் உட்கார வேண்டிய சில இடங்கள் காலியாக இருக்கின்றன. சூடு ஏறியதும் ஆக்சிஜன் அயனிகள் காலி இடம் விட்டுக் காலி இடம் தாவி நகர்கின்றன என்றார். நோய் ஒரு கண்டத்தில் தலைகாட்டிய ஆண்டிலேயே, அதற்கான மருந்தின் முதல் வரி போரின் எதிர்ப்பக்கத்தில் அச்சேறியது. இரண்டையும் இணைத்துப் பார்க்க அப்போது யாருமில்லை.

புகைமூட்டத்தின் மர்மத்தை அவிழ்த்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவின் கால்டெக்கில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். 1948 வாக்கில் அவர் மூழ்கியிருந்தது அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களைப் பிரித்தெடுக்கும் வேலையில். மணத்தை உறையவைத்துப் பிடிக்கும் கருவி கையில் இருந்ததால், நகரத்துக் காற்றையும் அதே முறையில் பிடித்துப் பார்த்தார். எரிந்தும் எரியாமலும் வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் தப்பிய பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனும் கண்ணெரிச்சலும் உண்டாகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். அந்தக் காற்றில் ரப்பர் துண்டுகள் எவ்வளவு சீக்கிரம் வெடிக்கின்றன என்பதை வைத்தே ஓசோனை அளந்தார். எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் இயங்கிய ஆய்வாளர்கள் அவரை மறுத்தார்கள். அந்த மறுப்பு அவரை உசுப்பிவிட்டது. பழங்களை விட்டுவிட்டு முழுமூச்சாகப் புகைக்குள் இறங்கினார். 1968ல் கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் ஆனார்.

அவர் பிடித்த அந்த ஆவிக்குப் பெயர் ஹைட்ரோகார்பன். காவிரிப் படுகையில் இதை விளக்க வேண்டாம். 2017ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடியதும், 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்ததும் இதே பொருளை மண்ணுக்கடியிலிருந்து எடுப்பது பற்றித்தான். செக் இன்ஜின் விளக்கு கவலைப்படுவது அது எரியாமல் சைலன்சர் வழியாக வெளியேறுவது பற்றி.

1970ல் அமெரிக்கா கடுமையான தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஏறியது: பிளாட்டினம் பூசிய தேன்கூட்டுப் பீங்கான் வழியாகப் புகையை அனுப்பிச் சுத்தம் செய்யும் பெட்டி. அதற்கு ஈயம் கலந்த பெட்ரோல் பரம விரோதி. 1921ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுக்கூடத்தில்தான் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். இப்போது அதே கம்பெனி ஈயமில்லாத பெட்ரோலைக் கேட்டு நின்றது.

அடுத்து வந்த கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேரச் சுத்தம் செய்யக்கூடியது. ஆனால் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கு கொஞ்சம் பிசகினாலும் அதன் வேலை கெட்டுவிடும். கார்புரேட்டரால் இந்தத் துல்லியம் முடியாது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நொடிக்கு நொடி அளந்து சொல்ல ஒரு கருவி வேண்டும். இங்கேதான் நெர்ன்ஸ்டின் பீங்கான் உறக்கம் கலைந்தது.

ஸ்பார்க் பிளக்குக்காகப் பல்லாண்டு பீங்கான் சுட்டுக் கைதேர்ந்திருந்த போஷ் நிறுவனம், விரல் அளவிலான சிர்கோனியா உறை ஒன்றைச் செய்தது. உறைக்கு உள்ளே வெளிக்காற்று, வெளியே புகை. சூடேறிய பீங்கான் வழியாக ஆக்சிஜன் அயனிகள் நகரும்போது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம் உண்டாகும். புகையில் ஆக்சிஜன் குறைந்தால் ஏறும், மிகுந்தால் இறங்கும். 1976ல் கலிபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில் இந்த லாம்டா சென்சார் முதன்முதலாக ஏறியது. நம் மெக்கானிக்குகள் ஓ2 சென்சார் என்று சொல்வது இதைத்தான். டெல்டாவுக்கு இந்தக் குடும்பம் முன்பே பழக்கம். 1951ல் பெங்களூரில் போஷ் கூட்டோடு தொடங்கிய மைக்கோவின் பிளக்கையும் நாசிலையும் தொடாத மெக்கானிக் நம் பக்கம் உண்டா? அந்தப் பிளக்குக்குச் சுட்ட பீங்கான் அறிவும் சென்சாருக்குச் சுட்ட பீங்கான் அறிவும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

சென்சார் வந்தபின் அதைக் கேட்டு முடிவெடுக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கக் கார்களில் பரவலாக அதை வைத்தது; கூடவே செக் இன்ஜின் என்று எழுதிய விளக்கும் வந்தது. கம்ப்யூட்டர் கண்ட கோளாறைப் படிக்கத் தனிக் கருவிகூட வேண்டாம். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள கப்ளரில் இரண்டு பின்களை ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் போதும், விளக்கே மின்னி மின்னி எண் சொல்லும். ஒரு மின்னல், சிறு இடைவெளி, இரண்டு மின்னல்: 12. நான் விழித்திருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு கோளாறு எண்களை ஒவ்வொன்றாக மும்முறை மின்னிக் காட்டும். பேப்பர் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கை எண்ணிய மெக்கானிக்குகளின் தலைமுறை அப்படித்தான் உருவானது. கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. கொண்ட, சுசுகி குடும்பத்து ஆரம்பகால வண்டிகள் சிலவற்றிலும் இதே உத்தி உண்டு. நம்மூர் மூத்த எலெக்ட்ரீஷியன்கள் சிலர் இன்றும் ஸ்கேனரை எடுக்கும் முன் ஒரு வயர்த் துண்டைத் தேடுவது அந்தப் பழக்கத்தால்.

1985ல் கலிபோர்னியா வாரியம் இதை விதியாக்கியது: 1988 மாடல் முதல் எல்லாக் கார்களும் தங்கள் புகைக் கட்டுப்பாட்டைத் தாங்களே சோதித்து, கெட்டால் விளக்கேற்ற வேண்டும். விதி வந்ததும் குழப்பமும் வந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கப்ளர், ஒரு எண் வரிசை, ஒரு கருவி. ஒரு கம்பெனியின் 12ம் மற்றொன்றின் 12ம் வெவ்வேறு. ஏஜென்சிக்குப் போனால்தான் படிக்க முடியும் என்ற நிலை.

இந்தக் கதையின் உண்மையான திருப்பம் 1990ல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தில் சேர்த்த திருத்தம் என்பேன். கப்ளர் எல்லாக் காரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கோளாறுத் தகவலைப் படிக்க அந்தக் கம்பெனிக்கே உரிய கருவி தேவைப்படக் கூடாது. வண்டியைச் சரிசெய்யும் எவருக்கும் அந்தத் தகவல் கிடைக்க வேண்டும். காற்றைக் காக்கப் புறப்பட்ட சட்டம் தெருவோர மெக்கானிக்கையும் சேர்த்துக் காத்தது. புகையைச் சரிசெய்ய வேண்டுமானால் ஊருக்கு ஊர் உள்ள ஒர்க்‌ஷாப்களால்தான் முடியும் என்ற எளிய உண்மை அதற்குள் இருந்தது. 16 பின் கொண்ட ஒரே மாதிரிச் சாக்கெட்டையும் பொது எண்களையும் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்தது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற இந்தத் தன்சோதனை முறை கட்டாயம். புகை, விதித்த அளவைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகக்கூடிய கோளாறு என்றால் விளக்கு எரிய வேண்டும். 2001ல் ஐரோப்பாவின் புதிய பெட்ரோல் கார்களும் இதே வழிக்கு வந்தன. இதனால்தான் பி0300 என்றால் டெட்ராய்ட்டிலும் கும்பகோணத்திலும் ஒரே பொருள்: சிலிண்டர்கள் மிஸ்ஸிங் அடிக்கின்றன.

இந்தியாவுக்கு இது நீதிமன்றங்களின் வழியாக வந்தது. டெல்லிக் காற்றுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கும் அதையொட்டிய உத்தரவுகளும் அரசை நகர்த்தின. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தன; 2000 பிப்ரவரியில் ஈயம் நாடு முழுவதிலிருந்தும் விடைபெற்றது. 1983ல் கார்புரேட்டரோடு பிறந்த மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறியது. 1998ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ எம்.பி.எஃப்.ஐ.யுடனேயே பிறந்தது. அம்பாசடரின் கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் கைகள் முதன்முதலாக ஒரு மஞ்சள் விளக்கின் முன் தயங்கி நின்றன.

2010 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதி தொடங்கியபோது ஓபிடி நம் சட்டத்தில் ஏறியது. 2013 ஏப்ரலில் ஓபிடி-2 வந்தது. ஆனால் பிஎஸ்-4 முதலில் வந்தது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு. நாடு முழுவதும் ஆனது 2017 ஏப்ரல் 1ல். இடைப்பட்ட ஆண்டுகளில் விளக்கைத் தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டுவந்ததில் பழைய கார் வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு. சென்னையில் ஐந்தாறு வருடம் ஓடிய கார் கைமாறி, கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் வரும். வரும்போதே விளக்கை மறைத்துக்கொண்டு வருவதும் உண்டு. பழைய கார் வாங்கும்போது சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

கோடு எனும் கோளாறு எண் திறந்த மொழியில் இருந்தாலும் கருவியும் கையேடும் உதிரிப்பாகமும் கிடைக்க வேண்டுமே? தனி மெக்கானிக்குகளுக்கு அவை கிடைக்காதபடி தடுத்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. ஆனாலும் வெளி மெக்கானிக்குக்கும் பழுதறியும் உரிமை உண்டு என்பது நம் நாட்டில் ஓர் ஆணையின் எழுத்தாகப் பதிவானது.

கருவியைக் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது ஒரு களவு. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 2005ல் எல்ம் 327 என்ற சிப்பை விற்கத் தொடங்கியது. வெவ்வேறு கம்பெனிக் கார்களின் மின்பேச்சை ஒரே எளிய வடிவத்துக்கு மாற்றித் தரும் சிப் அது. முதல் பதிப்பில் உள்ளே எழுதிய நிரலைப் பூட்டி வைக்கவில்லை. யாரோ அதை அப்படியே படித்து நகலெடுத்துவிட்டார்கள். சீனத் தொழிற்கூடங்களிலிருந்து நகல்கள் கொட்டின. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி மாற்றி நகலின் நகல்களும் வந்தன. இன்று சில நூறு ரூபாய்க்கு விற்கும், தீப்பெட்டி அளவிலான நீல புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வம்சம். அசல் கம்பெனி 2022ல் மூடப்பட்டது. அந்தச் சிறு கம்பெனிக்கு இழைத்தது அநியாயம்தான். அந்த நகல் கருவியும் கைப்பேசியும் சேர்ந்து தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப் பையனுக்கு ஏஜென்சியின் மேசையில் பாதியைக் கொடுத்தன என்பதும் உண்மை. நகல்களிலும் தரம் பலவகை. சில எல்லா நெறிமுறைகளையும் பேசாது. பழைய வண்டியோடு இணையாவிட்டால் வண்டியைக் குறை சொல்லும் முன் வேறு கருவியைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி ஒர்க்‌ஷாப்புக்குள் போவோம். சம்பா அறுத்து வயல் காலியானதும், தை மாசியில் எலிக்கு அங்கே தீனி குறையும். களத்தையும் வைக்கோல் போரையும் வீட்டையும் நாடி வரும். மூங்கிலும் பனையோலையும் கொண்டு செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி வயல் எலியைப் பிடிக்க டெல்டா கண்ட வித்தை. காருக்கு அப்படி ஒரு கிட்டி இல்லை. இரவில் இன்ஜின் கதகதப்பைத் தேடி ஏறும் எலி, வயரைக் கொறித்துவிட்டுப் போகும். காலையில் விளக்கு எரியும். ஸ்கேனர் பி0135 என்று காட்டும்: முதல் ஓ2 சென்சாரின் பீங்கானைச் சூடேற்றும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. "சென்சார் போயிடுச்சு, மாத்தணும்ணே" என்று பையன் சொல்வான். "வயரப் பாத்தியாடா தம்பி முதல்ல?" என்று பெரியவர் கேட்பார். அந்தக் கேள்வியில் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

கோடு என்பது கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வரும் சேதி போன்றது. மதகு அடைத்திருக்கிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா, மேட்டூரிலேயே தண்ணீர் இல்லையா என்பதைக் கரையோடு நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

அந்த நடையைக் கிட்டத்தில் பார்ப்போம். பெரியவர் சென்சார் கப்ளரைக் கழற்றுகிறார். சாவி ஆனில், ஹீட்டர் பின்னில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கிறார். வரவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அப்படியானால் இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. வயர்க் கட்டான ஹார்னஸைச் சுற்றிய கறுப்பு டேப்பை விரலால் தடவிக்கொண்டே போகிறார். பேட்டரித் தட்டுக்குப் பின்னால் டேப் நைந்து, நுனியில் பச்சை பூத்த செம்பு தெரிகிறது. வோல்ட் சரியாக வந்திருந்தால் சென்சார் பக்கமுள்ள ஹீட்டரின் ஓம்ஸ் பார்த்திருப்பார். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, மீட்டர் அசையவே இல்லை என்றால் சென்சார் போய்விட்டது.

அறுந்தது கார்ப் பக்கத்து ஹார்னஸ் என்றால் வெட்டி, சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போடலாம். சென்சாரின் சொந்த வயர் என்றால் ஒரு எச்சரிக்கை. உறைக்குள் வெளிக்காற்று வேண்டும் என்று சொன்னேனே, பல சென்சார்களில் அந்தக் காற்று போவது வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத்தான். ஈயத்தை உருக்கி ஊற்றினால் அந்த வழி அடைபடலாம். அங்கே கிரிம்ப் இணைப்பு போட்டு மேலே ஸ்லீவ் மாட்டுவதே சரி. வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய வேலை, நாகப்பட்டினத்து உப்புக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் ஒரு வருடம் தாங்காது.

மற்றக் கோடுகளும் இதே நடையைக் கேட்கும். பி0171 வந்தால் பெட்ரோலுக்கு மிஞ்சிக் காற்று என்று பொருள். பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வெடித்த வேக்கம் ஹோஸ், பிறகு அடைத்த பெட்ரோல் ஃபில்டர், சோர்ந்த பம்ப். பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங். தனித்தனி காயில் உள்ள வண்டியில் அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோடு பி0303 ஆக இடம் மாறினால் குற்றவாளி காயில், மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். பி0420 கன்வர்ட்டரின் வேலை குறைந்ததாகச் சொல்லும். விலை உயர்ந்த கன்வர்ட்டரை வாங்கும் முன் சைலன்சர் குழாயில் லீக் உண்டா, இன்ஜின் ஆயில் குடிக்கிறதா, மிஸ்ஸிங் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். காரணம் தீராமல் புதியது போட்டால் அதுவும் கெடும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். மின்னி மின்னி எரிந்தால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய்த் தீயாகச் சுடுகிறது என்று கொள்ள வேண்டும். உடனே வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுங்கள்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும் என்பது பரவலான கைவைத்தியம். அணையும்தான். கூடவே, கோளாறு வந்த கணத்தில் வேகம், சூடு, ஆர்பிஎம் என்னவென்று கம்ப்யூட்டர் பத்திரப்படுத்திய பதிவும் அழிந்துபோகும். பல கோளாறுகளுக்கு இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து கண்ட பிறகே விளக்கு எரியும். அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் காணாவிட்டால் தானாகவே அணையும். அத்தனை பொறுமையாக முடிவெடுக்கும் விளக்கைப் படிக்காமல் அழிப்பது நமக்கே நட்டம்.

பயணம் இன்னும் முடியவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து கண்காணிப்பு இன்னும் இறுகியது. 2025ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. அந்த எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியிலிருந்தும் வருகிறது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் கொண்டது. அதற்குக் காற்று குறைவாகப் போதும். நெர்ன்ஸ்டின் பீங்கான் இதைக் கண்டு காற்று மிகுதி என்று சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டும். இ20க்கென்று வடிவமைக்காத சில பழைய கார்களில், ஏற்கெனவே ஹோஸ் லீக்கோ அடைத்த இன்ஜெக்டரோ இருந்தால், சரிக்கட்டும் எல்லை தாண்டி விளக்கு எரியலாம். நெல் விளையும் ஊரில், தானியத்திலிருந்து வடித்த எரிபொருளை ஒரு பழைய விளக்கின் பீங்கான் அளந்துகொண்டிருக்கிறது.

இந்த விளக்கு நம்மிடம் வந்து சேர்ந்தது யாரும் படிக்கலாம் என்ற உரிமையோடு. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். விளக்கு எரிந்தால் கோடு எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். கேள்வியை விரும்பும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் கோடு எண்ணையும் கண்டுபிடித்த காரணத்தையும் பில்லிலேயே எழுதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்தமுறை எரியும்போது வேறு ஊரில் இருந்தாலும், அங்குள்ள மெக்கானிக் அதே எண்ணிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.